வீட்டு ஹாட் டப்புக்குப் பாண்டிங்: மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வீட்டில் ஹாட் டப் எனும் வெந்நீர்த் தொட்டி வைக்கத் திட்டமிடுகிறவர்கள் தொட்டியின் அளவையும், எத்தனை பேர் அமரலாம் என்பதையும், எந்தப் பக்கம் மறைவு கிடைக்கும் என்பதையும் முதலில் யோசித்துவிட்டு, மின்சார வேலையைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைப்பது வழக்கம். ஆனால் அந்த வேலையின் மிக முக்கியமான பகுதி ஒன்று, தொட்டி வந்து இறங்குவதற்கு முன்பே, சொல்லப்போனால் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பாண்டிங் என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் சம மின்னழுத்த இணைப்புதான் அது. கான்கிரீட் இறுகிய பிறகு அதைச் செய்ய நினைத்தால், பெரும்பாலும் தளத்தை வெட்டித்தான் ஆக வேண்டும்.

கம்பி இழுக்கும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. உள்ளூர் விதிப்படி அனுமதியும் ஆய்வும் தேவையென்றால் அவற்றையும் பெற்றாக வேண்டும். வீட்டுக்காரரின் பங்கு, எது எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று அறிந்திருப்பதும், மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையப்போகிற ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துவைப்பதும் ஆகும். கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பின் 680ஆம் பிரிவில் உள்ளவை; சில, பல நாடுகள் பின்பற்றும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 தொடரின் 702ஆம் பகுதியில் உள்ளவை. உங்கள் ஊரில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறதோ, அதுவே இறுதியானது.

நனைந்த உடலுக்குச் சில வோல்ட்டே போதும்

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். வெந்நீரில் ஊறிய உடலில் அந்தத் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கோ, அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுகிறது. 1000 ஓம் உடலில் 10 வோல்ட் விழுந்தால் 10 மில்லியாம்பியர் பாயும். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், கையில் பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற மின்னோட்ட எல்லையை ஆட்களை வைத்தே அளந்தார். அது ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியராகவும், பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியராகவும் இருந்தது. அதைத் தாண்டினால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், நீருக்குள் இருப்பவரால் கையையோ காலையோ இழுத்துக்கொள்ள முடியாது. இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவு இதற்குச் சில மடங்கு மேலேதான் தொடங்குகிறது என்றாலும், தண்ணீரில் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல் ஆகாது. தசை இறுகி முகம் நீருக்குள் போனாலே போதும்.

வறண்ட அறையில் யாரும் உணரக்கூட முடியாத சில வோல்ட் வேறுபாடு தொட்டியின் விளிம்பில் ஆபத்தாக மாறுவதற்குக் காரணம் இதுதான்.

எர்த்திங், ஆர்.சி.டி., பாண்டிங்: மூன்றும் வேறு வேறு வேலைகள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

எர்த்திங் என்பது, பழுதாகி மின்சாரம் ஏறிய உலோகப் பகுதியிலிருந்து மின்னோட்டம் மின்மூலத்துக்கே திரும்பிச் செல்ல எளிதான பாதை அமைத்துக் கொடுப்பது. அந்தப் பாதையில் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால் பிரேக்கர் விழும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு எர்த் தண்டை மண்ணில் அடித்து அதோடு இணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தண்டின் மண் தடை 25 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாயக்கூடியது 9 ஆம்பியருக்குச் சற்று மேல்தான். 20 அல்லது 32 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது, உலோகமும் மின்சாரத்தோடே நிற்கும். ஆகவே எர்த் தண்டை மட்டும் நம்பவே கூடாது.

ஆர்.சி.டி., அமெரிக்க வழக்கில் ஜி.எஃப்.சி.ஐ., செய்வது வேறு. பேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு வந்தால், அதாவது கொஞ்சம் மின்சாரம் வேறு வழியாகக் கசிந்தால், இணைப்பைத் துண்டிக்கும். அமெரிக்க வகைக் கருவிகள் 4 முதல் 6 மில்லியாம்பியருக்குள் துண்டிக்கும்; மற்ற பல நாடுகளில் 30 மில்லியாம்பியர் கருவி பயன்படுகிறது. வீடுகளுக்கான இந்தக் கருவியை 1961ஆம் ஆண்டு உருவாக்கியவரும் மேலே சொன்ன அதே டால்சியல்தான்.

பாண்டிங்கின் நோக்கம் மின்சாரத்தை வெளியேற்றுவதோ துண்டிப்பதோ அல்ல. ஒருவர் ஒரே நேரத்தில் தொடக்கூடிய எல்லாவற்றையும், அதாவது தொட்டி நீர், பம்பின் உலோக உடல், கைப்பிடி, காலுக்குக் கீழே உள்ள ஈரக் கான்கிரீட் ஆகிய அனைத்தையும், தடித்த செம்புக் கம்பியால் ஒன்றாகக் கட்டி ஒரே மின்னழுத்தத்தில் வைப்பதுதான். ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஷாக் அடிக்காததும் இதே காரணத்தால்தான். அதன் இரண்டு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. பாண்டிங் கம்பியைத் தொலைவிலுள்ள மெயின் போர்டு வரையோ எர்த் தண்டு வரையோ இழுத்துச் செல்ல வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்காததும் இதனால்தான். இணைக்கப்பட்டவை தமக்குள் சமமாக இருந்தால் போதும்.

ஆர்.சி.டி. இருக்கும்போது பாண்டிங் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி வரும். பல மின்விநியோக முறைகளில் நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்கு மின்சாரம் நுழையும் இடத்தில் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். தெருவில் உள்ள நியூட்ரல் கம்பியில் தளர்ந்த இணைப்போ அதிகச் சுமையோ இருந்தால், அந்த நியூட்ரலில் சில வோல்ட் ஏறும். அதே வோல்ட் எர்த் கம்பி வழியாக உங்கள் தொட்டியின் ஹீட்டருக்கும், அதைத் தொட்டோடும் நீருக்கும் வந்து சேரும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று நீரில் கைவைப்பவர், நீருக்கும் மண்ணுக்கும் நடுவே பாலமாகிவிடுவார். இந்த மின்னோட்டம் ஆர்.சி.டி. கவனிக்கும் பேஸ், நியூட்ரல் கம்பிகள் வழியாக வருவதில்லை, எர்த் கம்பி வழியாக வருகிறது. எனவே ஆர்.சி.டி.க்கு அது தெரியவே தெரியாது. பிரேக்கரை அணைத்தாலும் போகாது. இந்த ஒரு நிலைமைக்கு வீட்டுக்குள் இருக்கும் ஒரே காப்பு, நின்றிருக்கும் தரையையும் நீரின் மின்னழுத்தத்துக்கே கொண்டுவரும் பாண்டிங்தான்.

முதல் படி: இடமும் கையேடும்

தொட்டியை வாங்குவதற்கு முன்பே உற்பத்தியாளரின் நிறுவல் கையேட்டைப் பெற்று, அதில் கேட்கப்பட்டிருக்கும் மின்னழுத்தம், ஆம்பியர், கம்பிகளின் எண்ணிக்கை, பாண்டிங் லக் (கம்பியைத் திருகி இணைக்கும் உலோக முனை) எங்கே உள்ளது ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும். விற்பனையாளர் வாய்வழியாகச் சொல்லும் "சாதாரண பிளக்கிலேயே ஓடும்" என்ற உறுதிமொழியைக் கையேட்டோடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டாம்.

தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். பிளக் பாயிண்டுகள் தொட்டியின் உட்சுவரிலிருந்து குறைந்தது 1.83 மீட்டர் தள்ளியும், 6 மீட்டருக்குள் இருப்பவை ஜி.எஃப்.சி.ஐ. காப்போடும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 702ஆம் பகுதி தொட்டியைச் சுற்றி மண்டலங்களாகப் பிரிக்கிறது: தொட்டியின் உட்புறம் 0, விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை 1, அதற்கு அப்பால் 1.5 மீட்டர் வரை 2. உள்ளே நெருங்க நெருங்க அனுமதிக்கப்படும் சாதனங்கள் குறைந்துகொண்டே வரும். எந்த விதியாக இருந்தாலும், எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டு ஹாட் டப்பை ஓட்டுவதற்கு இடமே இல்லை.

இரண்டாம் படி: தளம்

கான்கிரீட் தளம் போடுவதாக இருந்தால், உள்ளே கட்டப்படும் இரும்புக் கம்பிக் கூடையே பாண்டிங்கின் ஒரு பகுதியாகிவிடும். பூச்சு ஏதும் இல்லாத கம்பிகள், குறுக்கும் நெடுக்கும் கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சுற்றிலும் ஏறக்குறையச் சம இடைவெளியில் குறைந்தது நான்கு இடங்களில் அந்தக் கூடையோடு செம்புப் பாண்டிங் கம்பியைக் கிளாம்ப் போட்டு இணைத்து, ஒரு முனையைத் தொட்டியின் பம்பும் ஹீட்டரும் இருக்கும் கருவி அறை வரும் பக்கத்தில் தாராளமாக நீட்டி வெளியே விட்டுவைக்க வேண்டும். கான்கிரீட் போடும் ஆட்கள் அந்த நீட்டிய முனையை இடைஞ்சல் என்று வளைத்து உள்ளே தள்ளிவிடுவதும் வெட்டிவிடுவதும் நடக்கிற காரியம்; அன்றைக்கு ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரும்புக்குப் பதிலாக ஃபைபர் கலந்த கான்கிரீட்டோ, எப்பாக்சி பூசிய கம்பியோ, கல் பதித்த தரையோ என்றால், மின்சாரத்தைக் கடத்தும் கூடை அங்கே இல்லை. அப்போது தொட்டியைச் சுற்றிச் செம்பு வளையம் ஒன்று புதைக்கப்படும். உட்சுவரிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி, தரைக்கு அடியில் உள்ள கெட்டித்த மண்மட்டத்திலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், தரையின் வடிவத்தை ஒட்டி அது போக வேண்டும். இன்னும் உறுதியாகச் செய்ய விரும்புவோர் 30 சென்டிமீட்டர் கட்டங்களாகச் செம்பு வலை விரிக்கிறார்கள். செலவு கூடுதல்தான். ஆனாலும் இரும்புக் கூடை இல்லாத தளத்துக்கு வலையைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒற்றை வளையம் ஓரிடத்தில் அறுந்தாலோ அரித்தாலோ வெளியே ஒன்றும் தெரியாது.

ஒரு விலக்கும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட, எல்லாக் கருவிகளும் தன்னுள்ளேயே அடங்கிய தொட்டி, உள்ளறையில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று குறிக்கப்படாததாகவும், கையேட்டின்படி தரைமட்டத்திலோ அதற்கு மேலோ வைக்கப்பட்டதாகவும் இருந்து, அதன் மேல்விளிம்பு, சுற்றிலும் 76 சென்டிமீட்டருக்குள் உள்ள தரைப்பரப்பைவிடக் குறைந்தது 71 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுற்றுத் தரைக்கான பாண்டிங்கை அமெரிக்க விதி கட்டாயப்படுத்தவில்லை. பின்னால் யாராவது பக்கத்தில் மேடை ஒன்றை உயர்த்திக் கட்டினால் இந்த விலக்கு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. புதிதாகத் தளம் போடுகிறவர், விலக்கு கிடைத்தாலும் கம்பியைப் போட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாம் படி: எவற்றை இணைப்பது

தொட்டியின் உட்சுவரிலிருந்து கிடைமட்டமாக 1.5 மீட்டருக்குள் நிலையாக நிற்கும் உலோகங்கள் எல்லாம் கணக்கில் வரும்: கைப்பிடிக் கம்பி, உலோக வேலி, உலோகக் குழாய், கூரைத் தூண், சன்னல் சட்டம். பம்ப் மோட்டார், ஹீட்டர், காற்று ஊதி ஆகியவற்றின் உலோக உடல்கள், தொட்டிக்குள்ளேயே தொழிற்சாலையில் ஒன்றாக இணைக்கப்பட்டு ஒரு பொதுவான லக்குக்கு வந்திருக்கும். நீரும் இணைக்கப்பட வேண்டிய பொருள்தான். குறைந்தது 58 சதுர சென்டிமீட்டர் அரிக்காத உலோகப் பரப்பு நீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, பாண்டிங் செய்யப்பட்ட உலோக ஹீட்டர் உறையே பல தொட்டிகளில் நிறைவேற்றிவிடும். முழுக்க பிளாஸ்டிக் பாதை கொண்ட தொட்டி என்றால் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மரப்பலகைத் தொட்டியைச் சுற்றி இறுக்கும் உலோகப் பட்டைகளுக்குப் பாண்டிங் தேவையில்லை.

நான்காம் படி: கம்பியும் இணைப்பும்

அமெரிக்க விதிப்படி பாண்டிங் கம்பி, இழைகளாக முறுக்கப்படாத ஒற்றைச் செம்புக் கம்பியாக, 8ஆம் எண் அளவுக்குக் குறையாமல், அதாவது ஏறத்தாழ 8.4 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்போடு இருக்க வேண்டும். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ளே அலுமினியக் கம்பி சீக்கிரம் அரித்துப் போகும், அதை வைக்கவே கூடாது.

கம்பியைவிட அதிகம் கைவிடுவது இணைப்புகள்தான். பம்ப் மோட்டாரின் உடலில் சிறிய செம்பு லக் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதன் பக்கவாட்டுத் துளையில் கம்பியை நுழைத்து மேலே உள்ள திருகை இறுக்க வேண்டும். லக்குக்கு அடியில் மோட்டாரின் வர்ணம் சுரண்டப்படாமல் இருந்தால், பார்க்க எல்லாம் சரியாகத் தோன்றினாலும் அந்த இணைப்பு பெயரளவுக்குத்தான். துளைக்குள் பாதி நுழைந்த கம்பியும், கம்பிக்கு மேலேறாமல் பக்கவாட்டில் நழுவி நிற்கும் திருகும் அப்படியே. திருகை இறுக்கியபின் கம்பியைக் கையால் அசைத்து இழுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மண்ணில் புதைபவை, நேரடியாகப் புதைக்கத் தகுதியானவை என்று குறிக்கப்பட்ட பித்தளை, வெண்கல, செம்புக் கிளாம்ப்களாகவோ வெப்ப வெல்டிங்காகவோ இருக்க வேண்டும். டேப் சுற்றியோ வெறுமனே முறுக்கியோ விடுவதை ஏற்க வேண்டாம்.

ஐந்தாம் படி: மின் இணைப்பு

தொட்டிக்கு வேறெதையும் சேர்க்காத தனி சர்க்யூட் வேண்டும். தன் பிரேக்கர், தன் ஆர்.சி.டி., தன் ஐசோலேட்டர் (மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்ச்). ஐசோலேட்டர் தொட்டியின் உட்சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, ஆனால் கண்ணில் படும் தொலைவில் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் நின்றபடி கைநீட்டி அணைக்க முடியக் கூடாது, அதே நேரம் பழுது பார்ப்பவர் குனிந்து வேலை செய்யும்போது வேறு யாரும் அவருக்குத் தெரியாமல் அதைப் போடவும் கூடாது. கம்பிகளோடு செல்லும் எர்த் கம்பி, உறையிட்ட செம்பாக, மெயின் போர்டிலிருந்து தொட்டி வரை அறுபடாமல் வர வேண்டும். இது பாண்டிங் கம்பிக்கு மாற்று அல்ல, பாண்டிங் கம்பி இதற்கும் மாற்று அல்ல.

ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் போடும் இடங்களில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. பிரேக்கரோடு வரும் சுருண்ட வெள்ளைக் கம்பி, போர்டில் நியூட்ரல் கம்பிகள் எல்லாம் சேரும் உலோகப் பட்டையான நியூட்ரல் பாருக்குப் போக வேண்டும். தொட்டியிலிருந்து வரும் நியூட்ரல், பிரேக்கரில் உள்ள நியூட்ரல் முனையத்துக்கு வர வேண்டும். தொட்டியின் நியூட்ரலையும் பாரிலேயே கட்டிவிட்டால், பம்ப் ஓடத் தொடங்கியதும் பிரேக்கர் விழும். தொட்டி பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நியூட்ரலும் எர்த்தும் தெருவிலிருந்தே ஒரே கம்பியாக வரும் விநியோக முறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பொதுக் கம்பி எங்காவது அறுந்தால், வீட்டின் எர்த் முழுவதும் பேஸின் மின்னழுத்தத்தை நெருங்கிவிடலாம். எர்த் கம்பியை ஆர்.சி.டி. துண்டிப்பதில்லை. இதனால் அத்தகைய ஊர்களில், வெளியில் வைக்கும் தொட்டிக்கு வீட்டு எர்த்தைக் கொடுக்காமல், தனி எர்த் தண்டு அடித்து 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி.யோடு கொடுப்பதையே பல எலக்ட்ரீஷியன்கள் விரும்புகிறார்கள். எர்த் தண்டை மட்டும் நம்பக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. இங்கே துண்டிக்கும் வேலையைச் செய்வது ஆர்.சி.டி. அந்த ஏற்பாட்டில், வீட்டு எர்த்தோடு இணைந்த உலோகக் குழாயோ விளக்குக் கம்பமோ தொட்டியிலிருப்பவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு எர்த்களையும் ஒரே நேரத்தில் தொட நேர்ந்தால், பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். எந்த முறை பொருந்தும் என்பதை எலக்ட்ரீஷியன் விநியோக முறையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆறாம் படி: சோதனை

மின்சாரம் கொடுப்பதற்கு முன், பாண்டிங் லக்குக்கும் ஒவ்வோர் உலோகப் பகுதிக்கும் இடையே குறைந்த தடையை அளக்கும் மீட்டரால் தொடர்ச்சி பார்க்க வேண்டும். மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்தபின் மிஞ்சுவது ஓர் ஓமின் சிறு பகுதியாகத்தான் இருக்க வேண்டும். சப்ளை கேபிளின் காப்பை, காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் சோதித்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். தொட்டியின் எலக்ட்ரானிக் பலகையைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை, இல்லையென்றால் பலகை போய்விடும்.

நீரை நிரப்பிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் ஹீட்டர் ஓடினால் கருகும். ஓட விட்டபின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஆர்.சி.டி. உடனே விழ வேண்டும். 30 மில்லியாம்பியர் கருவியாக இருந்தால், எலக்ட்ரீஷியன் தம் சோதனைக் கருவியால் அது 300 மில்லிசெகண்டுக்குள் துண்டிக்கிறதா என்று அளந்து எழுதித் தரலாம். கடைசியாக, சுற்றுத் தரையை நனைத்து, அதன்மேல் ஈரத்துணியும் உலோகத் தகடும் வைத்து, தகட்டுக்கும் பாண்டிங் லக்குக்கும் இடையே ஏ.சி. வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். வாசிப்பு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

பயன்பாட்டில் வரும்போது

டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஹீட்டர் சூடேறத் தொடங்கும்போது மட்டும் ஆர்.சி.டி. விழுகிறதென்றால், ஹீட்டர் உறை அரித்து உள்ளே நீர் புகுந்திருப்பதே பெரும்பாலும் காரணம். ஹீட்டர் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் எலக்ட்ரீஷியனுக்குத் தெளிவாகிவிடும். அடிக்கடி விழுகிறதே என்று ஆர்.சி.டி.யை எடுத்துவிட்டுச் சாதாரண பிரேக்கர் போட்டுத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

நீரிலோ விளிம்பிலோ லேசாகச் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரிந்தால், உலோகம் எதையும் பற்றிக்கொள்ளாமல் எல்லோரும் வெளியேற வேண்டும். பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. அவர் வீட்டு மெயினையே அணைத்தபின்னும் மீட்டரில் வோல்ட் தெரிந்தால், அது வெளியிலிருந்து வருகிறது. மின்விநியோக நிறுவனத்துக்குத் தகவல் கொடுப்பதே அடுத்த வேலை. நீருக்குள் யாராவது அசைவற்றிருந்தால், குதித்து இழுக்க முயலாமல் முதலில் ஐசோலேட்டரை அணையுங்கள், பிறகு வெளியே தூக்கி, மூச்சில்லையென்றால் உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்கி அவசர உதவியை அழையுங்கள். ஐசோலேட்டர் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும், விருந்தாளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குளோரின் ஆவியும் ஈரமும் கருவி அறைக்குள் செம்பைப் பச்சை பூக்க வைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பக்கப் பலகையைத் திறந்து, லக்குகளைச் சுத்தம் செய்து இறுக்கச் சொல்ல வேண்டும். பம்ப் மாற்றும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். பழைய மோட்டாரைக் கழற்றும்போது பாண்டிங் கம்பியும் கழற்றப்படும்; புதிய மோட்டார் அது இல்லாமலேயே நன்றாக ஓடும் என்பதால், கம்பி கீழே தொங்கிக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்காமல் போகலாம். பலகையைத் திரும்ப மூடுவதற்கு முன் அந்த லக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.